போயாவை வெட்டிய வழிகாட்டி

1

எங்கள் வழிகாட்டிக்கு ஒரு வயது முடிந்துவிட்டதாம். அதற்குக் கேக் வெட்டப் போகிறார்களாம். மண்டபம் பிடித்தாயிற்று, கொத்துரொட்டிக்குச் சொல்லியாயிற்று, கேக்கின் மேல் புத்தளம் களப்பை, அந்தக் கடல்நீர் ஏரியை, படமாகப் போடச் சொல்லிக் கடைக்காரரிடம் கொடுத்தும் ஆயிற்று. என்னையும் இரண்டு நிமிடம் பேசச் சொல்லி எங்கள் ஊர் ஒன்றியத் தலைவர் தொலைபேசி எடுத்தார்.

"நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கோ தங்கச்சி. குறையளைப் பிறகு கதைப்பம்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் பிறகு கதைக்கும் குறைகளைப் பற்றித்தான். அவர்களுடைய "பிறகு" எப்போது வரும் என்று இருபது வருடக் கனடா வாழ்க்கையில் எனக்கு நன்றாகவே தெரியும்.

வழிகாட்டி என்றது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் மாம்புரி, கற்பிட்டி, புத்தளம், எலுவன்குளம் பக்கத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு ஒன்றியம் இருக்கிறது. போர் முடிந்து பல வருடங்களின் பின், ஊரிலுள்ள சனத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. அடையாள அட்டைக்கு எங்கே போவது, கண்ணாடி எங்கே இலவசம், செயற்கைக் காலுக்கு யாரைப் பார்ப்பது, கணவன் காணாமல் போனவள் எந்தக் கந்தோரில் ஏறி இறங்க வேண்டும், இதெல்லாம் ஓரிடத்தில் இருக்கும்படி இணையத்தில் ஒரு தகவல் திரட்டு. அதையே தாளில் அச்சடித்துக் கோயில்களிலும் கடைகளிலும் ஒட்டுவது. நல்ல யோசனைதான். நான்தான் கையைத் தூக்கினேன்.

2

ஏன் தூக்கினேன் என்றால், எனக்குச் சோறு போடும் வேலையும் அதுதான். இந்த நகரத்தில் உதவி தேவைப்படுகிறவர்கள் அழைக்கும் ஒரு தகவல் நிலையத்தில் வேலை செய்கிறேன். அழைப்பை எடுப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பார்த்துச் சொல்லும் பதிவுகளை எழுதுவதும் திருத்துவதும் நான். குளிர் உடுப்பு எங்கே கொடுக்கிறார்கள், எந்த வாசலால் போக வேண்டும், தமிழ் கதைக்கும் ஆள் எந்தக் கிழமை வருவார், குழந்தை வண்டியை உள்ளே விடுவார்களா, இப்படி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் ஓர் இடத்தின் பதிவில் "பக்கவாட்டு வாசலால் வரவும்" என்ற ஒரே ஒரு வரியைத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். ஒரு சோமாலியத் தகப்பன் இரண்டு பிள்ளைகளோடு பனிக்குள் பூட்டிய முன்வாசலில் முக்கால் மணித்தியாலம் நின்றிருக்கிறார். உள்ளே ஆட்கள் இருந்தார்கள், சாப்பாடும் இருந்தது, வாசல்தான் மறுபக்கம். என் மேலதிகாரி என்னை ஏசவில்லை. அந்த மனிதர் அழைத்துப் பேசிய ஒலிப்பதிவைக் கேட்கச் சொல்லி என் காதில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். ஏசியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அன்று முதல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. முகவரியும் நேரமும் போட்டால் பதிவு முடிந்தது என்று நினைக்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். முகவரி தெரிந்தவன் போய்ச் சேருவான், சரி. போய்ச் சேர்ந்தவன் வெறுங்கையோடு திரும்பாமலிருக்க என்ன தெரிய வேண்டும்? அதை எழுதுவதுதானே வேலை.

3

ஊர்ப் பதிவுகளுக்கு நான் வேலைக்குப் போகும் முன் விடிய ஐந்தரைக்கு எழும்புவேன். அங்கே பின்னேரம் மூன்று மணி, கந்தோர்கள் இன்னும் திறந்திருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் நானே அழைத்துக் கேட்டேன். பாதிப் பேர் "சேர் இல்லை" என்று வைத்தார்கள். சிலாபம் பக்கத்தில் சிங்களத்தில் கேட்டால்தான் மறுமொழி வந்தது. மாம்புரியில் பிறந்த எனக்கு அது சிக்கலில்லை.

செயற்கைக் கால் செய்து கொடுக்கும் ஒரு சிறு நிலையம் புத்தளத்தில் இருந்தது. வெளியூரிலிருந்து அளவெடுக்கிறவர் மாதத்தில் ஒருநாள், இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருவார். தொலைபேசியை எடுத்தவர் அங்கே பதிவேடு எழுதும் ஒரு முஸ்லிம் நானா. இத்தனை அழைப்பிலும் என்னை இருந்து கேட்கச் சொல்லி ஆறுதலாக விளக்கிய ஒரே மனிதர் அவர்.

"எழுதிக்கோங்க தங்கச்சி. பழைய கால் இருந்தா அதையும் கொண்டரணும். ஊர் விதானையார்ட கடிதம் வேணும். பொம்புளப் புள்ளண்டா, நேர்ஸ் நிக்கணும்டு முந்தியே சொல்லணும். இன்னொண்டு, செவ்வாக்கெழம பூரணப் போயா வந்திச்செண்டா அவர் முந்தின நாள், திங்கக்கெழமயே வந்துட்டுப் போயிருவார். போயாவுக்கு அவர் ஊர்ல விகாரைக்குப் போய் சில் எடுக்கிறவர். சனம் இதுலதான் ஏமார்றது. அடுத்த நாள் வருவார்டு புதன்கெழம வந்து நிக்கும்."

எல்லாவற்றையும் எழுதினேன். போயாவைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

பதிவுகளைப் பார்க்க ஒன்றியக் குழு கூடியது. கோப்பிக் கடையில் என்னோடு ஐந்து பேர். தலைவர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். என் கணவருக்குக் கனடாவில் முதல் வேலை எடுத்துக் கொடுத்தவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அந்தத் தாளைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதென்ன போயா, சில் எண்டு புத்த சமயக் கதையெல்லாம்? இது எங்கட சனத்துக்கான வழிகாட்டி. நாளைக்கு ஆராவது இதைப் படமெடுத்து முகநூலில போட்டா ஆர் பதில் சொல்லுறது?"

"அண்ணர், அது அவர் வாற நாளைப் பற்றினது..."

"இரண்டாம் செவ்வாய் எண்டு போட்டிருக்குத்தானே. காணும். பழைய கால், புதுக்கால் எண்டும் வேண்டாம், வாசிக்க ஒரு மாதிரிக் கிடக்கு. சுருக்கமா, வடிவா வரவேணும்."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். மற்றப் பதிவுகளையும் இப்படியே சுருக்கச் சொன்னார்கள். நான் "ஓம் அண்ணர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து அந்த வரிகளை அழித்தேன். குழுவில் வேறு எவருக்கும் கடவுச்சொல்லே தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டச் சொன்னது அவர்கள், வெட்டியது என் விரல். இதை மறைத்துவிட்டு அவர்கள் மேல் மட்டும் பாய்ந்தால் நானும் அவர்களில் ஒருத்திதான்.

4

தாளை அழகாக்கியவள் என் மகள். பதினைந்து வயது. தமிழ் வாசிக்க மாட்டாள், ஆனால் எழுத்துகளுக்கு நிறம் போடுவாள். நான் அழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தாள்.

"ஏன் டிலீட் பண்ணுறீங்க? நல்லா பெரிசா போட்டிருந்தீங்களே. அது என்னது?"

"போயா. பூரணை நாள். அண்டைக்கு எல்லாம் பூட்டு."

"எல்லாமா? ஒவ்வொரு மாசமுமா?" அவள் நம்பவில்லை. "நீங்க புட்டிஸ்ட்டா இருந்தீங்களா அம்மா?"

சிரித்துவிட்டேன். மாம்புரியில் எங்களுக்குப் போயா என்றால் பள்ளிக்கூடம் இல்லை, இறைச்சிக் கடை இல்லை, சாராயக்கடை பூட்டென்பதால் அப்பாவுடைய கூட்டாளிகள் முதல்நாளே வாங்கி வைப்பார்கள். புத்தர் பிறந்த நாளான வெசாக்குக்குச் சிலாபம் பக்கம் லொறியில் போய்த் தன்சலில் வரிசை நின்று, கழுத்தில் சிலுவையோடு இலவசச் சோறு சாப்பிட்டு வருவோம். யாரும் எங்களை நீ யார் என்று கேட்டதில்லை. யாருடைய பண்டிகை என்று நாங்களும் யோசித்ததில்லை. அங்கே நாளையும் கிழமையையும் போலப் போயாவும் ஒன்று, அது தெரியாமல் எவரும் வீட்டை விட்டு வெளிக்கிட முடியாது.

இங்கே எங்கள் குசினிச் சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் போயா இல்லை. என் மகளுக்கு அது தெரியாததில் கோபமில்லை, அவள் பிறந்தது இங்கே. புத்தளத்தில் மூன்று வருடம் போயாவுக்குப் போயா வீட்டில் இருந்த மனிதருக்கு அது அந்நியமாகத் தெரிந்ததே, அதற்குத்தான் கோபம். விமானம் ஏறினதும் சனத்துக்குச் சொந்த ஊரைவிடச் சுத்தமான ஒரு ஊர் தேவைப்படுகிறது. அந்த ஊரில் ஒருவரும் வசிப்பதில்லை, அதனால் அங்கே ஒருவரும் பஸ்ஸைத் தவறவிடுவதுமில்லை.

5

எட்டு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பி அன்ரன் அழைத்தான். மாம்புரியில் மரக்கறி வாங்கி லொறியில் எலுவன்குளம் வரை கொண்டுபோய் விற்கிறவன். நாங்கள் அனுப்பிய தாள்களைப் போகிற இடமெல்லாம் ஒட்டியவனும் அவன்தான்.

"அக்கா, நீங்க ஒட்டச் சொன்ன தாளை எலுவன்குளத்துக் கடையில ஒரு மனிசி கிழிச்சுப் போட்டுட்டுது. கடைக்காரரைப் பேசின பேச்சு! நான் போய் நிண்டன், எனக்கும் விழுந்திச்சு."

"ஏனாம்?"

"பிள்ளைக்குப் பொய்க்காலுக்குப் போய் ஏமாந்து வந்ததாம். நம்பர் வாங்கி வச்சிருக்கிறன். நீங்களே கதைங்க. என்னால ஏலாது."

அந்தப் பெண்ணின் பெயர் புவனா. வன்னியிலிருந்து வந்து எலுவன்குளத்தில் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற குடும்பம். மகள் தனுஷாவுக்குப் பதின்மூன்று வயது. போரின் கடைசி மாதங்களில், கைக்குழந்தையாக இருந்தபோது முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. பிள்ளை வளர வளரக் கால் மாற்ற வேண்டும். முன்பெல்லாம் வேறு ஊரில் செய்துகொண்டார்கள். புத்தளத்தில் கிடைக்கும் என்பதை எங்கள் தாளைப் பார்த்துத்தான் அறிந்திருக்கிறார்கள்.

அந்த மாதம் இரண்டாம் செவ்வாய் போயா. அவர்கள் புதன்கிழமை போயிருக்கிறார்கள்.

6

நான் அழைத்தபோது அவர் முதலில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆர், அந்தத் தாளை எழுதினவவோ?"

"ஓம். நான்தான். ஜசிந்தா."

"சரி, கேளுங்கோ அக்கா. விடிய முதல் பஸ். யானை றோட்டில நிண்டதெண்டு பஸ் அரை மணித்தியாலம் நிண்டது. பழைய கால் கடிக்குதெண்டு பிள்ளை அதைக் கழட்டிப் போட்டுட்டுக் கம்போட வந்தவள். கொண்டுபோக வேணுமெண்டு ஆருக்குத் தெரியும்? அங்க இருந்த நானா எங்களைக் கண்டோண்ணயே தலையில கையை வச்சிட்டார். திங்கக்கிழமை வந்திட்டுப் போட்டாராம். அந்த மனிசன் பாவம், தேத்தண்ணியும் பணிசும் வாங்கித் தந்து பஸ் ஏத்தி விட்டவர்."

"அடுத்த மாதம் போனீங்களா?"

"போனனாங்கள். அதுக்கிடையில பள்ளிக்கூடம் போகவேணுமெண்டு பழைய காலையே இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்து, புண்ணாப்போச்சு. புண்ணோட அளவெடுக்க ஏலாதாம். ஆறினாப் பிறகு வரட்டாம். இப்ப வீட்டில இருக்கிறாள். இனிப் போகமாட்டன், வகுப்பேத்தாமல் விட்டாத் தன்னைவிடச் சின்னப்பிள்ளையளோட இருக்கமாட்டன் எண்டு சொல்லுறாள்."

நான் மன்னிப்புக் கேட்டேன். போயாவைப் பற்றி முதலில் எழுதியிருந்ததையும் பிறகு வெட்டியதையும் சொன்னேன். ஏன் வெட்டினோம் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு நாக்கூசியது.

"எழுதியிருந்தனீங்களோ?" அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "தெரியாமல் விட்டதெண்டு நினைச்சன். தெரிஞ்சுகொண்டே வெட்டினனீங்களோ! போயா எங்கட இல்லையாமோ? இண்டைக்குப் போயாவெண்டா எனக்கு விதானையார் இல்லை, வங்கி இல்லை, இவருக்கு உரம் குடுக்கிற இடமும் இல்லை. எங்களுக்கு இல்லாத போயா உங்கட கனடாவிலயோ இருக்கு?"

அவர் நிறுத்தவில்லை.

"இன்னொண்டு சொல்லுறன் அக்கா. அந்தத் தாள் இல்லாட்டி நான் ஆரையாவது விட்டு விசாரிச்சிருப்பன். நாலு பேரைக் கேட்டிருப்பன். அச்சடிச்ச தாள், படம் போட்டுக் கிடக்குது, வெளிநாட்டில இருந்து வந்தது எண்டுதான் நம்பினனான். தாள் இருந்தபடியாத்தான் நான் கேக்கேல்ல."

பதினொரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் குந்தியிருந்திருக்கிறேன். ஒருவரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டால் சனம் விசாரிக்கும். அரைகுறையாய் வடிவாக எழுதி ஒட்டினால் விசாரிக்கிறதை நிறுத்திவிடும்.

"இப்ப சரியாப் போடுறன் புவனா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நானா சொன்னதைவிடக் கூடவே சொன்னார். எந்தப் பஸ்ஸில் நடத்துநர் ஏற்றி இறக்க உதவுவார், நிலையத்தில் மலசலகூடத்துக்குப் படி இருக்கிறது, புண் இருந்தால் போக வேண்டாம் என்று. கடைசியில் கேட்டார்.

"அதில ஏன் ஆற்றயும் பேர் இல்லை? ஏசுறதெண்டாலும் ஆரை ஏசுறது? நான் கடைக்காரரை ஏசினனான். உங்கட தம்பியை ஏசினனான். அதுகளுக்கு என்ன தெரியும்? எழுதினவையின்ர பேரைப் போடுங்கோ."

7

போட்டேன். பதிவின் அடியில் என் பெயரும் என் தொலைபேசி இலக்கமும். பிழை இருந்தால் என்னை அழைத்து ஏசவும் என்றே எழுதினேன். போயாவைப் பழையபடி கொட்டை எழுத்தில் போட்டேன். மற்ற எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, வெட்டியதையெல்லாம் திரும்ப ஏற்றினேன். அன்ரன் புதுத் தாள்களைக் கொண்டுபோனான்.

தலைவருக்கு இரண்டு நாளில் செய்தி போய்விட்டது.

"குழுவில முடிவெடுத்ததை நீங்கள் தனிய மாத்தலாமோ தங்கச்சி?"

"அந்த முடிவால ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிண்டிட்டுது அண்ணர்."

"அது கவலைதான். ஆனா அதுக்காக..."

"அதுக்காகத்தான் அண்ணர். வேற எதுக்காக வழிகாட்டி வச்சிருக்கிறம்?"

அவர் என் கணவரோடு கதைக்க வேண்டும் என்றார். கொடுத்தேன். இவர் சும்மா "ம், ம்" என்று கேட்டுவிட்டு, "அண்ணை, எனக்கு உந்தக் கணினி விசயம் விளங்காது" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு இவருக்கு நண்டுக் கறி வைத்தேன்.

தலைவருக்கு என் மேல் வந்த கோபம் ஆறுவதற்குள், நான் இதை எழுதி முடிக்கவும் முன், கேக் வெட்டும் நாள் வந்தது. எனக்குத் தந்த இரண்டு நிமிடத்தில் நான் செயற்கைக் கால் பதிவை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தேன். பழைய கால், விதானையார் கடிதம், போயா, புண், மலசலகூடப் படி. முடிக்க முன்பே தலைவர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள், பிறகு கேக்கின் மேலிருந்த களப்பை வெட்டினார்கள். கை கழுவும் இடத்தில் கற்பிட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் கிட்ட வந்து, "நல்லாச் சொன்னீங்க" என்று காதுக்குள் சொன்னார். அதை ஏன் காதுக்குள் சொல்ல வேண்டும்? மேசையில் இருந்து சத்தமாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அந்த அக்கா மேலும் எனக்குக் கோபம்தான். கோப்பிக் கடையில் நான் "ஓம் அண்ணர்" என்றதும் இதே மாதிரித்தான்.

அதன்பின் எனக்கு அழைப்புகள் வருகின்றன. சிலர் ஏசுகிறார்கள். கண்ணாடி கொடுக்கும் இடம் மாறிவிட்டது என்று ஒருவர் பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் ஏசிக்கொண்டிருக்கும்போதே திருத்தினேன்.

8

கேக் வெட்டிய சனிக்குப் பின் வந்த செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்கு வெளிக்கிட முன் புவனா அழைத்தார். எலுவன்குளம் திரும்பும் பஸ்ஸுக்குள் இருந்து. பின்னால் சிங்களப் பாட்டு, நடத்துநர் சத்தம்.

"அளவெடுத்தாச்சு அக்கா. புண் ஆறிட்டுது. அடுத்த மாதம் கால் வரும். இவள் உங்களோட கதைக்க வேணுமாம்."

அந்தப் பிள்ளையின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டேன். கூச்சமில்லாத குரல். அம்மாவுடைய குரல் மாதிரியேதான்.

"அன்ரி, உங்கட தாளில ஒண்டு விட்டிருக்கிறீங்கள்."

"என்ன பிள்ளை விட்டது? சொல்லும்."

"சப்பாத்து. இண்டைக்கு நான் என்ர வெள்ளைச் சப்பாத்தைக் கொண்டுபோனனான். போனமுறை வேற ஊரில செய்யேக்க செருப்போட போய், பிறகு சப்பாத்துப் போடேக்க ஒரு பக்கம் உயந்து நொண்டினது. இங்க அளவெடுத்தவர் சப்பாத்தை வச்சு உயரம் பாத்தவர். அதை எழுதுங்கோ."

கணினி திறந்தே இருந்தது. அவள் லைனில் இருக்க, தட்டி முடித்து வாசித்துக் காட்டினேன்.

"பிள்ளைகள் தங்கள் சப்பாத்தையும் கொண்டு வரவும்."

"பிள்ளைகள் எண்டு போடாதீங்கோ அன்ரி" என்றாள். "பள்ளிக்கூடம் போறவை எண்டு போடுங்கோ."